கிளீனர் உட்கார்ந்த இடம்

தேசிய நெடுஞ்சாலை 44 அரசுக் கணக்கில் ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நம் ஊர் லாரிக்காரருக்கு அது தலைகீழ். குமரியில் தொடங்கி, மதுரை, நாமக்கல், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, ஜம்மு என்று மேலே ஏறிக்கொண்டே போகும் சாலை அது. நாட்டில் இதைவிட நீளமான நெடுஞ்சாலை இல்லை.

இருபது வயது நிறைந்து, இலகுரக வண்டி லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால், பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஹெவி லைசென்ஸ் வாங்கிவிடலாம். அதன்பின் இந்தச் சாலை முழுவதிலும் ஓட்ட உரிமை உண்டு. காலி வண்டியை ஓட்டிக் காட்டி அந்த அட்டையை வாங்கிய பையன், பத்துச் சக்கர வண்டியில் 28 டன் எடையோடு மலை இறங்கும் அளவுக்கு எங்கே தேறுவான்? முன்பு அதற்கு ஓர் இடம் இருந்தது. டிரைவருக்கு இடப்பக்கம் கிளீனர் உட்கார்ந்த இடம்.

தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலேயே பாடம் தொடங்கிவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. ஆனி, ஆடிக் காற்று உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டியை விலாவில் தள்ளும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஏற்றினால் எடை குறைவு, உயரம் அதிகம். தார்ப்பாய் மூலையில் ஒரு மடிப்பு தளர்ந்திருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து துணியைக் கிழித்துவிடும்; அடுத்த மழையில் சரக்கு நனைந்துவிடும். கயிற்றை எங்கே மாற்றிப் போடுவது, எத்தனை கிலோமீட்டர் போனதும் இறங்கி மறுபடி இழுத்துக் கட்டுவது என்பதையெல்லாம் எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. கிளீனராக இருந்தவனுக்கு அது உள்ளங்கைக் காய்ப்பில் இருந்தது.

பரமத்தி வேலூரில் காவிரியைத் தாண்டினால் நாமக்கல். பாடி கட்டும் பட்டறைகளும் டயர்க் கடைகளும் லாரி ஆபீஸ்களும் நிறைந்த ஊர். இங்கே டிரைவர்களான பெரியவர்களைக் கேட்டால், அநேகமாக எல்லோரும் கிளீனராகத்தான் ஏறியிருப்பார்கள். டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்றை அறிவது, ஏற்றத்தில் நின்ற வண்டிக்குக் கட்டை போடுவது, பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பது, டிரைவரண்ணன் கண் சொக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுப்பது. மூன்று நான்கு வருடம் இப்படி ஓடிய பிறகுதான், காலிச் சாலையில் ஸ்டியரிங் கைக்கு வரும். அடியும் வசவும் இருந்தன. கூலி அற்பம். அந்தக் கொடுமை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து போனது ஒரு முழுப் பள்ளிக்கூடம்.

டீசலும் சுங்கமும் ஏற ஏற, வாடகை ஏறவில்லை. முதலில் கழிக்கப்பட்ட செலவு கிளீனர். நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-ல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. பாரம் கூடியது, ஆள் குறைந்தது. இரண்டும் ஒரே வண்டியில்.

சேலம் தாண்டித் தொப்பூர் வருகிறது. வடக்கே போகும்போது இது ஏற்றம், ஆபத்து குறைவு. தர்மபுரியிலிருந்து திரும்பி வரும்போதுதான் சோதனை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இருக்கும்வரை இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிரம் காய்ந்து சூடேறினால், மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்துகள் பலவற்றுக்கு இதுதான் காரணம். “தம்பி, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு.” ஒரு வரிப் பாடம். சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களுக்குள் பகலில் கனரக வண்டிகளுக்கு நோ என்ட்ரி. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு இரவுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தூங்கிவிட்டால் நல்லது. ஆனால் டீசலும் பேட்டரியும் திருடு போகும் என்ற பயத்தில் தனி ஆள் எப்படித் தூங்குவான்? ஆந்திர வெயிலில் கேபின் கொதிக்கும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் புதுப் பையனின் கையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வண்டி.

துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கை என்று ஆறுகள் கடந்து போகும். தெலுங்கு மறைந்து இந்தி வரும். அதற்குள் சோற்றுக்கு ஏக்கம் பிடித்திருக்கும். டூல் பாக்ஸில் அரிசியும் புளியும் மிளகாய்த்தூளும் ஸ்டவ்வும் வைத்திருக்கும் நம் டிரைவர்கள், வண்டி நிழலில் உலை வைப்பார்கள். ஒருவர் சமைக்க இன்னொருவர் டயர் பார்ப்பது பழைய வழக்கம். தனியாக ஓட்டுகிறவன் சமையலை விட்டுவிட்டு, தாபாவில் ரொட்டியைத் தின்றுவிட்டு, வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான்.

நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டில் சாலையை உயர்த்தி, புலியும் மானும் அடியில் கடந்து போக வழிவிட்டிருக்கிறார்கள். கேமராக்களில் புலிகள் அப்படிக் கடந்தது பதிவாகியிருக்கிறது. இவ்வளவு அக்கறையோடு கட்டிய அதே சாலையில், லாரி டிரைவர் பயமில்லாமல் நிறுத்தித் தூங்க இடம் தேடி அலைகிறான் என்பது எனக்கு வருத்தம்.

2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது; ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு என்றது. சரக்கோடு போகும் ஈ-வே பில்லும் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது. ஆக, அவசரம் சட்டத்தில் இல்லை, காகிதத்திலும் இல்லை. லோடு ஏற்றும் இடத்தில் இரண்டு நாள் நிற்க வைத்துவிட்டு ஹால்டிங் காசு தராமல் அனுப்புகிறார்களே, அங்கேதான் அது பிறக்கிறது. இழந்த அந்த இரண்டு நாளையும் டிரைவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் திறந்தபடியே மூளை தூங்கும். பழகியவர் அதை அறிந்து ஓரங்கட்டுவார். புதியவன் டீயால் அதை வெல்லப் பார்ப்பான்.

டெல்லிக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையில் போய், பானிபத், அம்பாலா தாண்டும்போது மார்கழி என்றால் பனிமூட்டம், முன்னே போகும் வண்டியின் பின் விளக்கு கூடத் தெரியாது. ஜம்முவுக்கு மேலே வேறு உலகம். 2017-ல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் பட்னிடாப் ஏற்றத்தைத் தவிர்த்துவிட்டது. ஆனாலும் ராம்பன் பக்கம் மலை சரிவது நிற்கவில்லை. கனரக வண்டிகளைப் பல நாட்களில் ஒரு திசையில் மட்டுமே விடுவார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் மழையால் சாலை அறுந்தபோது ஆயிரக்கணக்கான ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. பழம் வண்டியிலேயே அழுகியது. மொழி தெரியாத மலையில் அப்படி மாட்டிக்கொண்ட இளைஞனுக்கு, பேசுவதற்கேனும் ஓர் ஆள் வேண்டாமா?

டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்கள் சொல்வது உண்மை. டிரைவர்களே தங்கள் பிள்ளைகளை இதற்கு அனுப்புவதில்லை. தனியாக இந்தச் சாலையில் தள்ளிவிட்டால் யார்தான் வருவார்கள்? நான் கேட்பது இதுதான்: ஹெவி லைசென்ஸ் எடுத்த முதல் ஓராண்டு, வெளிமாநிலம் போகும் வண்டியில் அனுபவமுள்ள ஒரு டிரைவரும் உடன் இருப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை உரிமையாளர் மட்டும் சுமக்க முடியாது. சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் வாடகையில் அதற்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.