மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

"பாப்பாவுக்கு முடி கொடுத்தாச்சா?"

போன தீபாவளிக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அம்மா முதன்முதலாக இப்படிக் கேட்டார். அம்மாவுக்கு 74 வயது. ஞாபக மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி மதியம் நினைவில் இருக்காது. ஏதோ பேத்தியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "கொடுத்தாச்சும்மா" என்று சொல்லிவைத்தேன்.

"பொய் சொல்லாதே. காசு அப்படியே இருக்கு" என்றார்.

மறுநாள் அவருடைய பீரோவை ஒழுங்குபடுத்தும்போது, பட்டுப்புடவைகளுக்கு அடியில் சின்னதாக ஒரு முடிச்சு கிடைத்தது. சாயம் போன மஞ்சள் துணி. பிரித்தால் உள்ளே பழைய ஒரு ரூபாய் நாணயம்.

சித்திக்கு போன் போட்டுக் கேட்டேன். "அடிப்பாவி, அது உனக்காக முடிஞ்சு வெச்ச காசுடி" என்று கதையைச் சொன்னார்.

1983-ல் எனக்கு ஆறு வயது. டைபாய்டு வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒரு ராத்திரி காய்ச்சல் இறங்கவே இல்லை. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேளாங்கண்ணி மாதாகிட்ட கேளுங்க, கைவிட மாட்டா" என்றாராம். அம்மா அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவதாக. வீட்டுக்கு வந்ததும் காசு முடிந்துவைத்தார்.

நான் பிழைத்துவிட்டேன். ஆனால் அப்பாவைப் பெற்ற பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "குலதெய்வத்துக்கு இல்லாத முடியா?" என்று சொல்லி, எங்கள் குலதெய்வம் கோயிலுக்குத் தூக்கிப்போய் மொட்டை அடித்துவிட்டார். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முடிச்சை மட்டும் அவிழ்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பாட்டி போனார், அப்பா போனார். எனக்குக் கல்யாணமாகி, சென்னையில் வேலை, இரண்டு பிள்ளைகள். இத்தனை வருடத்தில் அம்மா ஒருமுறைகூட இதைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. மற்றதெல்லாம் மறந்துபோன பிறகு, இது மட்டும் மேலே வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. என்னைக் காப்பாற்றியது டாக்டர் கொடுத்த மருந்து என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மா தினமும் அந்த முடிச்சை எடுத்துப் பார்த்து அழுகிறார். 42 வருடப் பாக்கி. "போயிட்டு வந்துடலாம்" என்று தம்பியிடம் சொன்னேன்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "போன மாசம் நம்ம குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டேன், லீவு இல்லைன்னே. இதுக்கு மட்டும் எப்படிக்கா லீவு கிடைக்குது? நமக்குச் சாமியே இல்லையா?"

அவன் கேட்டதில் பாதி நியாயம். கும்பாபிஷேகத்துக்கு நான் போகாதது தப்புதான். அதை ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதிக்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். "இது நம்ம சாமி, அவங்க சாமி விஷயம் இல்லைடா. அம்மா வாங்கின கடன்."

அவன் பதில் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு காரை எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தான். "ஓட்டிட்டு வர்றேன். உள்ளே வரமாட்டேன்" என்றான். சரி என்றேன்.

திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகப் போனோம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதில்லை. ஒரே பயணத்தில் சிக்கல் சிங்காரவேலர், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றையும் பார்த்துத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் கிடைத்ததற்கு நன்றியாகக் கட்டினார் என்று சொல்வார்கள். அப்படியானால் ராஜாவும் எங்கள் அம்மா மாதிரி ஒரு கடன்காரர்தான்.

வேளாங்கண்ணியில் கார் நின்றதும் கடல் காற்று. கடைகளில் மெழுகுவத்தி, மாலை, மரத்தொட்டில். நெற்றியில் குங்குமமும் தலையில் பூவுமாக எத்தனை பெண்கள்! பழைய மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் ஒரு பெண் முழங்காலிட்டே நகர்ந்துகொண்டிருந்தார். அவர் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. அவர் எந்த மதம் என்ற கேள்வி வீடு திரும்பிய பிறகுதான் தோன்றியது.

நான் பூமுடி கொடுப்பதாகத்தான் முடிவு செய்திருந்தேன். மூன்று கத்தரிப்பு, முடிந்தது வேலை. 48 வயதுப் பெண் மொட்டை போட்டால் ஆபீஸில் என்னென்ன கேட்பார்கள்? முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்ததும் அவர், "பூமுடியா, மொட்டையா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா தெளிவாகச் சொன்னார். "மொட்டைன்னுதானே வேண்டிக்கிட்டேன்."

ஒரு நிமிடம் அப்படியே இருந்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதி வழித்தபோது அம்மா பதறிப்போய் சுற்றுமுற்றும் தேடினார். "பாப்பா எங்கே? பாப்பாவைக் காணோமே!"

"நான்தாம்மா பாப்பா."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆறு வயதுப் பெண்ணை என் முகத்தில் கண்டுபிடித்தாரா, தெரியாது. மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவிவிட்டு, "காய்ச்சல் இல்லை" என்றார்.

மெழுகுவத்தி ஏற்றினோம். காசை உண்டியலில் அம்மாவே போட்டார். துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெளியே வந்தபோது தம்பி காரில் சாய்ந்து நின்றிருந்தான். என் தலையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

ஆபீஸில் எதிர்பார்த்தபடியே "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள். "அம்மாவோட வேண்டுதல்" என்றேன். "திருப்பதியா, பழனியா?" என்றார்கள். "வேளாங்கண்ணி" என்றதும் சிலர் சிரித்தார்கள், ஒருவர் முகம் சுளித்தார். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. முடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவின் நோய் அப்படிப்பட்டதில்லை. போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, "பாப்பாவுக்கு முடி கொடுத்தாச்சா?" என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். நான் போனிலேயே தலையைக் குனிந்து காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

தம்பிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பீரோவிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து அம்மாவின் மடியில் விரித்தான்.

"பாரும்மா, காசு இல்லை. மாதாகிட்ட கொடுத்தாச்சு."

அம்மா வெறும் துணியை இரண்டு முறை தடவிப் பார்த்தார். பிறகு நிம்மதியாகத் தலையாட்டினார். இப்போதெல்லாம் தினமும் அவன்தான் விரித்துக் காட்டுகிறானாம்.