மலையேறி வந்த பேராசிரியர்கள்

கோவையில் எந்தக் கல்லூரி வாசலைப் பார்த்தாலும் 'சிறப்புச் சொற்பொழிவு' என்று ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது. உள்ளே மாணவர்கள் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருப்பார்கள். வெளியாள் எட்டிப் பார்த்தால் காவலாளி அடையாள அட்டை கேட்பார். அப்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஆனைக்கரை ஞாபகம் வந்துவிடும்.

கேரளத்தில் ஆனைக்கரை இரண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைப் பக்கம். கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பத்துக்கு அதுதான் ஊர், எம்.டி. வாசுதேவன் நாயரின் கூடல்லூரும் அதே பஞ்சாயத்து. எங்களுடையது இடுக்கி ஆனைக்கரை. பேர் சொல்ல ஆளில்லாத ஊர், ஆனால் சுற்றிலும் ஏலக்காடு. பக்கத்தில் செல்லார்கோவில் மேட்டில் நின்றால் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடக்கும்.

பி.என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் புண்ணியம், கேரளத்தில் மலையுச்சியிலும் ஒரு வாசகசாலை இருக்கும். எங்கள் ஊர் வாசகசாலைக்கு மாதம் ஒருமுறையாவது ஒரு பேராசிரியர் ஜீப்பில் ஏறி வருவார். கற்பித்தலும் ஆய்வும் போக, மக்களிடம் செல்வதும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை என்று 1977-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தது. அந்தக் காகிதம் எங்களுக்குத் தெரியாது, வந்தவர்களைத்தான் தெரியும். தோட்ட லயத்துப் பெண்கள் காய் எடுத்த கையோடு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை வாசமும் கூடவே வந்து உட்காரும்.

ஒருநாள் அந்த இன்னொரு ஆனைக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து தோல்பாவைக்கூத்தைப் பற்றிப் பேசினார். பகவதி கோயில் கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை, அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு, மான்தோலில் வெட்டிய ராமனும் ராவணனும். ஆட்டுகிறவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம், பாடுவது கம்பன் பாட்டு. தாரிகனோடு போரில் இருந்த பத்ரகாளி ராம-ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்டாளாம், அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து என்றார். பல இரவுகளில் திரைக்கு முன்னால் ஒரு ஆள்கூட இருக்கமாட்டார் என்றும் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த பாட்டி விடவில்லை. "ஆளே இல்லைன்னா யாருக்கு சாரே விடிய விடியப் பாடுறாங்க?"

"பகவதி கேக்குறாளே பாட்டி."

"அப்ப அவளுக்கும் தமிழ் தெரியுமுன்னு சொல்லுங்க!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. அதிகம் சிரித்தவர்கள் மலையாளிகள்தான்.

முல்லைப் பெரியாறு பற்றியும் ஒருவர் பேசினார். 1886 குத்தகை, 999 ஆண்டு, 1895-இல் கட்டி முடித்த அணை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, சுண்ணாம்பும் சுர்க்கியும் எப்படிக் கல்லைப் பிடிக்கும் என்று விளக்கினார். கீழே கம்பம் பக்கத்துக் கூடலூரில் வயல் வைத்திருந்தவரும், அணை உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். சூடாகத்தான் கேள்வி கேட்டார்கள், ஆனாலும் கலையும்போது கட்டன் சாயாவைச் சேர்ந்து குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

2011 டிசம்பரில் அதே அணைப் பேச்சில் எல்லை கொதித்தது. கம்பத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிவந்த ஜீப்புகள் நின்றுபோயின. தொலைக்காட்சியில் இரண்டு மொழியிலும் இரைச்சல், கரும்பலகை வைத்துச் சொல்ல ஒருவருமில்லை. ஒரு சொற்பொழிவு அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருந்தால் கல்லெடுக்கக் கொஞ்சம் கை கூசியிருக்கும்.

கல்லூரிகளுக்குள் சொற்பொழிவுகள் குறைந்துவிடவில்லை, பெருகியிருக்கின்றன. தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டப் புகைப்படமும் கையெழுத்துப் பட்டியலும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பாட்டியின் கேள்வி எந்தப் பட்டியலிலும் ஏறாது.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இருக்கிறது. வையாபுரிப் பிள்ளையும் வ.அய். சுப்பிரமணியமும் இருந்த துறை அது. கீழே மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மேற்கே கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். மூன்றில் எதுவானாலும் சரி, காய் எடுப்பு ஓய்ந்த மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம் மேலே எங்கள் வாசகசாலைக்கு வரட்டும். சித்திரா பௌர்ணமிக்கு முன்னால் வந்தால் மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பற்றியே பேசலாம். வருஷத்தில் அந்த ஒருநாள்தானே அது திறக்கிறது. அடையாள அட்டை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம்.