புதிது 2



'கோப்பின் பாதை என்றால் என்ன?' என்ற வினாவுக்கு இரண்டு வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்த இரண்டு வரியையும் நான் கற்றது பாடசாலையில் அல்ல.

2003ஆம் ஆண்டு, உயர்தரப் பெறுபேறு வரும்வரை, வெள்ளவத்தை காலி வீதியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையொன்றில் வேலைக்கு நின்றேன். அது மினி டிவி நாடாக்களின் காலம். ஒரு மணி நேர நாடாவைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரமே செல்லும். வன்தட்டில் ஏறத்தாழ 13 கிகாபைற்று போய்விடும். இடத்துக்கு எப்போதும் முட்டுப்பாடுதான்.

கொட்டாஞ்சேனைக் கல்யாணம் ஒன்றின் தொகுப்பு பாதியில் நின்றது. இடம் காணாதென்று நான் அதன் காட்சிகளை வேறு வட்டுக்கு மாற்றி, கோப்புறைக்குப் 'புதிது 2' என்று பெயரும் வைத்தேன். (இப்படிப் பெயர் வைப்பவர்கள் உங்களிலும் பலர் உண்டென்று அறிவேன்.) மறுநாள் திறந்தால் திரை வெறுமை.

அவதானியுங்கள். தொகுப்பு மென்பொருள் சேமிக்கும் செயற்றிட்டக் கோப்புக்குள் வீடியோ இல்லை. காட்சி எந்த வட்டில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் கிடக்கிறது என்ற பாதையும், எங்கே வெட்டுவது என்ற குறிப்புமே உண்டு. வீடு மாறியதைச் சொல்லாவிட்டால் தபாற்காரர் பழைய வாசலில்தான் நிற்பார்.

புதிய இடத்தைக் காட்டினேன். ஆனால் எல்லாக் கல்யாணத்திலும் 'காட்சி 01', 'காட்சி 02' என்றே பெயர்கள். தவறான கோப்புறையைக் காட்டியதில், கொட்டாஞ்சேனை மணவறையில் வேறொரு மாப்பிள்ளை தாலி கட்டினார்!

இப்போது ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை வைத்து, வீடியோ, ஒலி, படம், செயற்றிட்டக் கோப்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைக்கிறேன். பெயர் '2003-08-31 கொட்டாஞ்சேனை ஆசீர்வாதம் 03' என்ற மாதிரி. ஆண்டு முன்னே நின்றால் கணினி தானாகவே திகதி ஒழுங்கில் அடுக்கும். பிரதி வேறோர் இடத்தில். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்ரோரி 2' படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி தவறான கட்டளையொன்றால் அழிந்தபோது, வீட்டிலிருந்து வேலை செய்த ஊழியர் ஒருவரின் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

எங்கள் கடையில் அப்படியொரு பிரதி இல்லை. சில மாதங்களின்பின் மணப்பெண்ணின் தமையன் வந்தார். "தம்பி, அம்மம்மா மோசம் போயிட்டா. அவ ஆசீர்வாதம் பண்ணின துண்டு முழுசா இருக்குமோ?"

நாடாவில் வேறு கல்யாணம் பதிவாகியிருந்தது. 'வேண்டாதவை' என்ற கோப்புறையை அழித்தவனும் நானே. இரண்டு இரவு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். 11 விநாடிகள் கிடைத்தன.

அண்ணர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே நான்கு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.