ஒன்று குறைந்தால் என்ன ஆகும்?

(கணித மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு)

கணக்கு என்றாலே கசப்பு என்பார் பலர். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிட வேண்டிய ஒன்று என்று எண்ணுவோரே நம்மில் மிகுதி. ஆனால், "இது ஏன் இப்படி?" என்று ஒருமுறை கேட்டு, அதற்குரிய விடையையும் நாமே கண்டுவிட்டால் அந்தக் கணக்கு எளிதில் மறப்பதில்லை. இவ்வாண்டு எங்கள் மன்றத்தில் நாங்கள் கண்ட அத்தகைய விடை ஒன்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 என்று அது தொடரும். மன்றப் பொறுப்பாளரான சிஸ்டர், வர்க்க எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைக்கச் சொன்னார். 3, 8, 15, 24, 35, 48 என்று வந்தன. முதலில் நிற்கும் 3 பகா எண்; பின்னால் வந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. கன எண்களில் ஒன்றைக் குறைத்தோம். 7, 26, 63, 124, 215. இங்கும் முதலில் நிற்கும் 7 மட்டுமே தேறியது.

"இருபது எண் வரை பார்த்துவிட்டோம், சிஸ்டர். இனிமேல் வராது" என்றாள் எங்களில் ஒருத்தி.

"இருபத்தொன்றாவது எண் உன்னிடம் வந்து சொல்லிற்றா?" என்றார் சிஸ்டர்.

சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. எண்களுக்கு முடிவே இல்லை. எத்தனை எண்களைத்தான் சோதிப்பது? "இது பொதுத்தேர்வில் வருமா, சிஸ்டர்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "வராது. ஆகவே நிம்மதியாக யோசிக்கலாம்" என்று பதில் வந்தது.

வழி காட்டியது 5-ன் கனம். 125-ல் ஒன்று குறைந்தால் 124. அது 4 × 31. இந்த 31 எங்கிருந்து வந்தது? 25 + 5 + 1 என்பதுதான் அது. இந்த மூன்றையும் 5-ஆல் பெருக்கினால் 125 + 25 + 5 ஆகும். அதிலிருந்து பழைய 25 + 5 + 1-ஐக் கழியுங்கள். நடுவிலுள்ள 25-உம் 5-உம் அடிபட்டுப் போய், 125 − 1 மட்டும் எஞ்சும். ஐந்து மடங்கில் ஒரு மடங்கு போனால் மீதி நான்கு மடங்கு. ஆகவே 124 என்பது 31-ன் நான்கு மடங்கு.

இங்கே 5-க்குப் பதில் 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணை வைத்தாலும், கனத்துக்குப் பதில் எந்த அடுக்கை வைத்தாலும் இதே கழித்தல்தான். 6-ன் அடுக்கில் ஒன்று குறைந்தால் 5-ஆல் வகுபடும். 10-ன் அடுக்கில் ஒன்று குறைந்தால் 9-ஆல் வகுபடும். 99, 999, 9999 ஆகியவற்றைப் பார்த்தாலே விளங்கும். இந்த வகுத்தலிலிருந்து தப்ப ஒரே வழிதான் உண்டு. வகுக்கும் எண் 1 ஆக இருக்க வேண்டும். அதாவது, அடியிலுள்ள எண் 2 ஆக இருக்க வேண்டும். இருபத்தொன்றாவது எண்ணுக்கு மட்டுமன்று, இருபது கோடியாவது எண்ணுக்கும் விடை கிடைத்துவிட்டது!

இனி 2-ன் அடுக்குகளை மட்டும் பார்ப்போம். 15-ஆம் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 15 என்பது 3 × 5 ஆதலால், அது 8-ன் ஐந்தாம் அடுக்கும் ஆகும். எனவே ஒன்று குறைந்தால், முன்னே கண்டபடி 7-ஆல் வகுபட வேண்டும். வகுத்துப் பார்த்தோம்: 32767 = 7 × 4681. அடுக்கு பகு எண்ணானால், ஒன்று குறைந்து வருவதும் பகு எண்ணே. ஆகவே அடுக்கும் பகா எண்ணாகவே இருத்தல் வேண்டும்.

அது மட்டும் இருந்தால் போதுமா? 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகள் 3, 7, 31, 127 என்ற பகா எண்களைத் தருகின்றன. 11-ஆம் அடுக்கோ 2047-ஐத் தருகிறது. அது 23 × 89! ஹால் டிக்கெட் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஆனால் ஹால் டிக்கெட் இருப்பதாலேயே தேர்ச்சி பெற்றுவிடவும் முடியாது அன்றோ?

இவ்வகைப் பகா எண்களுக்கு ஒரு கத்தோலிக்கத் துறவியின் பெயர் வழங்குகிறது என்றறிந்து மகிழ்ந்தோம். அவர் பிரான்சு நாட்டு மினிம் சபையைச் சேர்ந்த மரின் மெர்சென் (1588–1648). 257 வரையுள்ள அடுக்குகளில் எவை தேறும் என்று 1644-ல் ஒரு பட்டியலை வெளியிட்டார். பேரறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பெரியவர் அவர். ஆயினும் பட்டியல் முழுவதும் சரியாக அமையவில்லை. அதிலிருந்த 67-உம் 257-உம் தேறாதவை. தேறக்கூடிய 61, 89, 107 விடுபட்டிருந்தன. 67-ஆம் அடுக்கு தேறாது என்று 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் காட்டினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியவில்லை. 1903-ல் அமெரிக்காவில் கோல் என்பவர் அவற்றைக் கண்டறிந்தார். அறிஞர் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல், 193707721 × 761838257287 என்ற பெருக்கலைக் கரும்பலகையில் செய்துகாட்டிவிட்டு அமர்ந்தார் என்று கூறுவர். விடை 21 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணேதான்!

மெர்சென் மீது எங்களுக்கு மதிப்புக் குறையவில்லை. அவர் பட்டியல் எழுப்பிய கேள்விகளே பிறரைத் தேட வைத்தன. ஆனால் எங்கள் உள்ளத்தில் ஒன்று பதிந்தது. கணிதத்தில் சொன்னவர் யார் என்பது செல்லாது. காட்டிய காரணமே செல்லும். பேரறிஞர் காரணமின்றிச் சொன்னதை இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் திருத்தலாம். பள்ளிச் சிறுமி காரணத்தோடு காட்டியதை எவராலும் அசைக்க முடியாது. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும் இதைத்தானே! "செபத்துக்கு விசுவாசம் வேண்டும், கணக்குக்கு நிரூபணம் வேண்டும். இரண்டுக்கும் உண்மையான மனம் வேண்டும்" என்றார் சிஸ்டர்.

2024 அக்டோபரில் 2-ன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண், பகா எண் என்று கணினிகளின் துணையால் உறுதியாயிற்று. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன! ஆயினும் இத்தகைய பகா எண்கள் முடிவின்றித் தொடருமா என்பதை இன்றுவரை எவரும் நிரூபித்ததில்லை. தோழியரே, காகிதமும் பென்சிலும் எடுங்கள். அந்த நிரூபணம் நம் பள்ளியின் ஏதோ ஒரு வகுப்பறையில் தொடங்கக் கூடாது என்று யார் சொன்னார்? யார் சொன்னாலும், காரணம் கேளுங்கள்!