நிறுத்தத் தெரிந்தவர்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மருந்து ஆலை. பாய்லர் கொட்டகையில் சவுக்குக் கட்டை எரிகிறது. அந்த நெருப்பில் பிறந்த நீராவி சுவருக்கு அப்பால் போய்த் தண்ணீரை 7 டிகிரிக்குக் குளிர வைக்கிறது. எல்லாரும் ‘வேம்’ என்று அழைக்கும் அப்சார்ப்ஷன் சில்லரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். நெருப்பிலிருந்து குளிர் வருவதை எத்தனை முறை படித்திருந்தாலும், அந்தக் குழாயில் கை வைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

இதில் கம்ப்ரஸர் கிடையாது. உள்ளே இருப்பவை வெறும் தண்ணீரும் லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலும்தான். ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும் அல்லவா? இந்த இரும்புக் கூட்டின் எவாபரேட்டர் என்ற பகுதிக்குள் அழுத்தம் ஆறேழு மில்லிமீட்டர் பாதரசம், வெளியே 760. அந்த வெற்றிடத்தில் தண்ணீர் நாலைந்து டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை, குழாய்க்குள் ஓடும் நீரிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. எழுந்த ஆவியை அப்சார்பர் என்ற பகுதியில் உப்புக் கரைசல் குடித்துவிடும். குடித்து நீர்த்துப்போன கரைசலை ஜெனரேட்டர் என்ற பகுதிக்கு ஏற்றி நீராவியால் காய்ச்சினால், குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு மறுபடி தாகத்தோடு இறங்கி வரும். பிரான்சின் ஃபெர்டினான்ட் காரே 1859-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்துக்கும் இதே அடிப்படைதான். அவர் பயன்படுத்தியது அம்மோனியாவும் தண்ணீரும்.

காலை ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. “பாருங்க சார், அவசரப்படக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்தார். முதலில் சில்டு வாட்டர் பம்பு. அடுத்து கூலிங் டவர் பம்பு. இரண்டிலும் ஓட்டம் இருக்கிறதென்று ஃப்ளோ சுவிட்ச் சொல்லாதவரை பேனல் அடுத்த படிக்குப் போகாது. பிறகு சொல்யூஷன் பம்பு. நீராவி கடைசியில்தான், அதுவும் லைனில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக. சட்டென்று திறந்தால் தேங்கிய நீர் குழாயைச் சம்மட்டியாக அடிக்கும். மார்கழிக் காலைகளில் டவர் ஃபேனை அவர் உடனே போடுவதில்லை. கூலிங் வாட்டர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்து.

அந்த ஆபத்தின் பெயர் கிரிஸ்டல். பாகு பதம் தப்பினால் பாத்திரத்தில் கட்டிப்போவதுபோல, காய்ச்சி இறுகிய கரைசல் சூடு தணிந்தால் உப்பாக உறைந்து வெப்பமாற்றியை அடைத்துவிடும். ஓடும்போது ஓட்டமும் சூடும் அதைக் காக்கின்றன. நிறுத்தும்போதுதான் உறையப் பார்க்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் முழுத் திறமையும் நிறுத்துவதில்தான் இருக்கிறது. நீராவியை மூடியதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. சொல்யூஷன் பம்பு தொடர்ந்து ஓட வேண்டும். மேலே இருக்கும் கெட்டிக் கரைசலும் கீழே இருக்கும் நீர்த்த கரைசலும் ஒன்றாகக் கலக்கும்வரை, இருபது நிமிடமோ அரை மணியோ, காத்திருக்க வேண்டும். ‘டைல்யூஷன்’ என்று லாக் புக்கில் ஒற்றைச் சொல்லாக எழுதப்படுவது இதுதான்.

கரண்ட் போனால்? அப்படி ஒரு ராத்திரியை அவர் பார்த்திருக்கிறார். வேலை பார்த்த வேறொரு ஆலையில் மின்சாரம் நின்றது, டி.ஜி. செட்டும் எடுக்கவில்லை. பம்பு நின்ற இடத்திலேயே கரைசல் உறைந்தது. “வெளியிலேர்ந்து ஸ்டீம் ஹோஸ் புடிச்சு எக்ஸ்சேஞ்சரச் சூடு பண்ணோம் சார். மறுநாள் சாயங்காலம்தான் இளகுச்சு.” அன்று முதல் ஒரு பழக்கம்: ஜெனரேட்டரிலிருந்து நேரே அப்சார்பருக்கு இறங்கும் வழிவுக் குழாயை ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிறார். கீழே வழி அடைபடத் தொடங்கினால் சூடான கரைசல் அதில் பொங்கி வழியும். பேனலில் அலாரம் வருமுன் கைக்குத் தெரிந்துவிடும்.

காற்று இன்னொரு எதிரி. எங்கோ ஒரு கேஸ்கெட் கசிந்து துளி காற்று புகுந்தாலும் குளிர் குறையும், உட்புற இரும்பு அரிக்கும், அரிப்பிலிருந்து ஹைட்ரஜன் பிறக்கும். அதனால்தான் வேக்கம் பம்பு போட்டு ‘பர்ஜ்’ செய்கிறார்கள். பம்பின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஈரம் கலந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஜப்பானில் எரிவாயுவில் ஓடும் இதே வகை இயந்திரங்கள் குளிர்காலத்தில் கட்டடங்களுக்குச் சூடும் தருகின்றன. கூலிங் வாட்டரை நிறுத்தி, ஒரு வால்வை மாற்றினால், கரைசலைக் காய்ச்சும்போது எழும் ஆவி நேரே எவாபரேட்டருக்கு வந்து குழாயைச் சுடவைக்கும். கோடையில் குளிர்ந்த அதே நீர்க்குழாய். இதைச் சொன்னபோது ஹெல்பர் பையன், “அப்போ அங்க டவர் ஃபேன் வேலையே இல்லியா அண்ணே?” என்று ஆபரேட்டரிடம் கேட்டான். சரியான கேள்வி. அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

பையன் ஐ.டி.ஐ. படித்தவன்; கம்ப்ரஸர் தெரிந்து வந்தவன். “பாய்லர் ஓட்டறவருக்குச் சர்டிஃபிகேட் கேக்கறாங்க. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல” என்றார் ஆபரேட்டர். கேட்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்; தாளில் இல்லாத அறிவுக்குச் சம்பளத்திலும் இடமில்லை. அதுவரை சொல்லிக்கொடுப்பது அவர் பாடு. வருகிற ஞாயிறு டியூப் கிளீனிங்குக்காக மெஷினை நிறுத்துகிறார்கள். ஸ்டீம் வால்விலிருந்து கடைசிப் பம்பு வரை பையனே நிறுத்தட்டும் என்று இன்சார்ஜிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். தனக்கு அன்று வார விடுமுறைதான், ஆனாலும் வந்து பக்கத்தில் நிற்பாராம்.