சவரக்கத்தி மட்டியைத் தேடி

வாஷிங்டன் என்றதும் நேயர்களுக்கு அமெரிக்காவின் தலைநகரமே நினைவுக்கு வரும். நாம் சொல்லப் போவது அதுவன்று. அந்நாட்டின் மேற்குக் கோடியில், பஸிபிக் மகாசமுத்திரக் கரையிலுள்ள வாஷிங்டன் மாகாணத்தைப் பற்றி. அங்கே குளிர்காலத்து இரவிலும் விளக்கும் மண்வெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கடற்கரைக்கு இறங்குகிறார்கள். எதற்காக? சவரக்கத்தி போல் நீண்ட, பழுப்பு ஓடுள்ள ஒருவகை மட்டியைத் தோண்டி எடுப்பதற்காக!

இதற்குப் பெயர்போன கரைகள் ஐந்து. கொலம்பியா நதியின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே போனால் லாங் பீச், ட்வின் ஹார்பர்ஸ், கோபாலிஸ், மாக்ராக்ஸ் என்பவை வரிசையாக வரும். ஐந்தாவதான கிளேலாக், ஒலிம்பிக் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. உடன்படிக்கையின்படி க்வினால்ட் என்னும் பூர்வகுடி மக்களுக்கும் இக்கரைகள் சிலவற்றின் விளைவில் பங்குண்டு.

கடல் முற்றும் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். ஈரமணலில் காசளவு குழி தென்பட்டால், அதன் அடியில் மட்டி இருக்கிறது என்று அர்த்தம். தாமதித்தால் கிடைக்காது, ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய ஓர் அடி ஆழம் இறங்கிவிடும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்துதான். முதலில் அகப்பட்ட 15 மட்டிகளையும், சிறிதானாலும் ஓடு உடைந்தாலும், எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்ப எறிந்தவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நம் கண்ணெதிரே ஒரு சிறுமி, உடைந்துபோன மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே தயங்கினாள். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே, "ஏழு" என்று எண்ணிப் பையில் போட்டாள்.

இதனினும் கடுமையான விதி ஒன்றுண்டு. சிலவகை நுண்ணிய கடற்பாசிகள் டோமாயிக் அமிலம் என்னும் விஷத்தை உண்டாக்குகின்றன. அதை உட்கொண்ட மட்டியைப் பார்த்தும் அறிய முடியாது. வேகவைத்தாலும் விஷம் போகாது. மிகுதியாக உண்டவர் ஞாபகசக்தியை இழக்கலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். 1991-இல் இவ்விஷம் இக்கரைகளில் கண்டறியப்பட்டது. அது முதல், மட்டிகளைச் சோதித்துப் பார்த்த பிறகே தோண்ட அனுமதிக்கிறார்கள். 2015-இல் விஷம் மிகுந்தபோது பல மாதங்கள் கரைகள் மூடிக் கிடந்தன; விருந்தினரை நம்பிய சிற்றூர்கள் வருமானம் இழந்தன.

ஆகவே நல்ல கரை எது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: மட்டி மிகுந்த கரையைத் தேடுமுன், இன்று திறந்திருக்கும் கரை எது என்று விசாரியுங்கள். பசியுள்ளவனுக்கும் பொறுமை வேண்டும் என்பதை அக்கடற்கரை நமக்குக் கற்றுத் தந்தது.