பிவண்டி எரியாதிருந்த குளிர்காலம்

மும்பைக்கு வடகிழக்கே, விசைத்தறிகளின் ஓசை ஓயாத பிவண்டியில், 1970 மே மாதம் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தின்போது மூண்ட கலவரம் நகரையே சூறையாடியது. நீதிபதி மாடன் ஆணையம் அதனை விரிவாக விசாரித்து அறிக்கை அளித்தது. 1984இல் அதே ஊர் மீண்டும் எரிந்தது. ஆனால், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அண்டையிலிருந்த மும்பை பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதி காத்தது. நகர வன்முறையைத் தணிப்பது சட்டமா, கல்வியா, சமூகத்தின் துணையா என்று கருத்தரங்குதோறும் எழும் வினாவுக்கு இதனினும் கூர்மையான சான்று இந்தியாவில் அரிது.

இடைப்பட்ட எட்டாண்டுகளில் தண்டனைச் சட்டம் மாறிவிடவில்லை. தறிக்கூடங்களில் எழுத்தறிவு திடீரென உயர்ந்துவிடவும் இல்லை. 1988 முதல் அங்கே காவல் துணை ஆணையராகப் பணியாற்றிய சுரேஷ் கோப்டே, பகுதிதோறும் மொகல்லா குழுக்களை அமைத்தார். (தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் ‘மஹல்லா’வும் இதே அரபுச் சொல்தான்.) வழக்கமான அமைதிக் குழுக்கள் பிணம் விழுந்த பிறகு கூட்டப்படுபவை. இவை ஒன்றும் நிகழாத நாள்களில் கூடின. இந்துக்களும் முஸ்லிம்களும் காவலர்களும் ஓரிடத்தில் அமர்ந்தனர். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிந்தது.

இதன் பயனை வதந்தியின் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். ‘வெட்டிவிட்டார்களாம்’ என்னும் சொல்லில் வெட்டியவர் யார் என்பதும் இல்லை, கண்டவர் யார் என்பதும் இல்லை. ஈற்றிலுள்ள ‘ஆம்’ பொறுப்பு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. எதிர்த்தெருவில் பெயரறிந்த ஒருவரிடம் கேட்டுத் தெளிய வழியிருந்தால் அச்சொல் தெருமுனையைத் தாண்டுவது கடினம்.

கல்வி என்னும் விடை பல்கலைக்கழகத்தாருக்கு உவப்பானது. அலிகர் அந்த விடையைச் சற்றே கூச வைக்கிறது. புகழ்பெற்ற பல்கலைக்கழகம் அமைந்த அந்நகர் கலவரங்களுக்கும் பேர்போனது. அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூலில் அதனைக் கோழிக்கோட்டோடு ஒப்பிட்டார். கோழிக்கோட்டில் எழுத்தறிவு மிகுதிதான். ஆயினும் அவர் அழுத்தம் தந்தது இரு சமயத்தாரும் ஒருங்கே உறுப்பினராயிருந்த வணிகர் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வாசகசாலைகளுக்கும்தான்.

சட்டத்தின் கணக்கோ சுருக்கமானது. மும்பைக் கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. தண்டனை பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனினும், பிவண்டியை வெற்றிக்கதையாகவே சொல்லி முடிப்போர் 2006ஐ எளிதில் மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டு ஜூலையில் ஓர் அடக்கத்தலத்தின் அருகே காவல் நிலையம் கட்ட முற்பட்டதை எதிர்த்து மக்கள் திரண்டனர். துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர்; பின்னர் காவலர் இருவர் கொல்லப்பட்டனர். இம்முறை மோதல் இரு சமயத்தாரிடையே எழவில்லை. ஒரு காலத்தில் குழுக்களை உருவாக்கிய காவல்துறைக்கும் அதே ஊர் மக்களுக்கும் இடையே எழுந்தது. கோப்டே மாற்றலாகிப் பல்லாண்டுகள் கடந்திருந்தன. குழுவைக் கூட்டுவது அவர் காலத்தில் அவருடைய விருப்பமாக இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதனைக் கடமையாக்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.